ஐந்து, ஐந்து, ஏழு

நேர்கோட்டார் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வணக்கம் சொல்ல மாட்டார். "சுவர் கோணல்" என்பார். வீட்டுக்காரர் பதறிப்போய் நாலு பக்கமும் பார்ப்பார். நேர்கோட்டார் அதற்குள் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஜோடி சேர்த்து வாசலுக்கு நேராக வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் அங்கிருந்தும் அதையே சொல்வார். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. ஊருக்கு அவர் நேர்கோட்டார்.

தொழில், வீடுகளுக்குத் தரை டைல்ஸ் போடுவது. இருபத்திரண்டு வருஷ அனுபவம். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கைவைத்த வீடுகளில் ஒன்றில்கூட நேரான சுவர் இருந்ததில்லை. ஒரு மனிதன் இத்தனை வருஷம் கோணல் சுவர்களையே சந்தித்தால் ஒரு நாளாவது சந்தேகம் வரவேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. ஊரிலுள்ள கொத்தனார்கள் எல்லாரும் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்களோ என்ற சந்தேகம்.

அவருடைய தொழிலில் ஒரே ஒரு இடத்தில்தான் மூளை வேண்டும். மற்றதெல்லாம் முழங்கால் வேலை. ஒரு சுவரை ஒட்டி நூல் பிடித்து முதல் கோடு போடுவது சுலபம். அந்தக் கோட்டின் மேல் இரண்டாவது கோடு சாயாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். அது ஒரு நூல் சாய்ந்தாலும் போச்சு, பின்னால் வருகிற அத்தனை வரிசையும் சாயும். இதற்கு எந்த ஊர்க் கொத்தனாரைக் கேட்டாலும் ஒரு வழி சொல்வார். மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்து புள்ளி வை. இரண்டு புள்ளிக்கும் நடுவே குறுக்களவு ஐந்தடி இருந்தால் மூலை சரி.

நேர்கோட்டாரும் ஆரம்பத்தில் இதைத்தான் கற்றார். ஆனால் மூன்று எங்கே, நாலு எங்கே, ஐந்து எங்கே என்பதில் அவருக்கும் எண்களுக்கும் ஒத்துவரவில்லை. முதல் வருஷமே ஒரு குளியலறையில் குறுக்கே நாலும் பக்கத்தில் ஐந்துமாக வைத்துக் கோடு போட்டார். அந்தக் குளியலறை மூன்று மூலையோடு முடிந்துவிடும்போல இருந்தது. வீட்டுக்கார அம்மாள் துடைப்பத்தோடு தெருமுனை வரை வந்து வழியனுப்பி வைத்தார்.

அன்று அவர் ஒரு சபதம் எடுத்தார். குழப்பமே வராத கணக்கு ஒன்றைத் தானே கண்டுபிடிப்பது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் எது எங்கே என்ற தொல்லையே இல்லை அல்லவா? மூலை சரிபார்க்கும் மூலைமட்டச் சட்டத்தை வைத்து இரண்டு பக்கமும் ஐந்தைந்தடி கோடு போட்டார். குறுக்கே டேப்பைப் பிடித்தார். ஏழடி, அதற்கு மேல் முக்கால் அங்குலமும் கொஞ்சமும். அந்த முக்கால் அங்குலத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். சாக்பீஸ் கோடு தடிமனாக விழுந்திருக்கும் என்று முடிவுசெய்தார். ஏழு முழு எண். முழு எண் என்றால் ஒரு கௌரவம் இருக்கிறது. வால் முளைத்த எண்ணை யார் வீட்டுக்குள் கொண்டுபோவது?

இப்படியாக ஐந்து, ஐந்து, ஏழு பிறந்தது. அதைத் தொழில் ரகசியமாக வைத்துக்கொண்டார். கோடு போடும்போது எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். பத்தடி அறையில் அந்தக் கோடு மறுமுனைக்குப் போகும்போது சுவரைவிட்டு இரண்டு அங்குலத்துக்கு மேல் விலகி நிற்கும். அங்கே ஆப்பு மாதிரி ஒரு பக்கம் மெலிந்த டைல்ஸ் துண்டுகளை வெட்டிப் போட்டு, "பீரோவை இங்கே வையுங்க, வெளியே தெரியாது. கொத்தனார் பண்ணின வேலைக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று பெருமூச்சு விடுவார். வீட்டுக்காரர்கள் அவருக்கு டீ கொடுத்தார்கள். கொத்தனாருக்குத் திட்டு கொடுத்தார்கள்.

அந்தத் திட்டில் பெரும்பங்கு ஒரே ஆளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊரில் பாதிச் சுவர் அந்த ஒருவர் எழுப்பியது. அவர் வேறு யாருமில்லை, நேர்கோட்டாரின் கூடப்பிறந்த தங்கையைக் கட்டியவர். "உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்மா. கைதான் கொஞ்சம் கோணல்" என்று கல்யாணமான மறுமாதமே தங்கையிடம் சொன்னவர் நேர்கோட்டார். அதன்பிறகு குடும்பத்தில் யார் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், "மாப்பிள்ளை, தட்டையாவது நேரா வைங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். கொத்தனார் குனிந்து சாப்பிடுவார்.

விஷயம் முற்றியது பல் டாக்டரின் புதிய கட்டடத்தில்.

நோயாளிகள் காத்திருக்க முப்பதடிக்கு முப்பதடி ஒரு கூடம். சுவர் கொத்தனாருடையது, தரை நேர்கோட்டாருடையது. இவ்வளவு பெரிய கூடத்தில் அவர் அதுவரை கோடு போட்டதில்லை. வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டு மூலையில் ஐந்து, ஐந்து, ஏழு வைத்தார். நூலை மறுமுனை வரை இழுத்தார். அங்கே போய்ப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நூலுக்கும் சுவருக்கும் நடுவே ஏழு அங்குலம். ஒரு பூனை தாராளமாகப் படுத்துத் தூங்கலாம்.

"டாக்டர்! ஓடி வாங்க!"

டாக்டர் ஓடி வந்தார். கொத்தனாரும் கலவைக் கரண்டியோடு வந்தார்.

"ஏழு அங்குலம் சார். என் சர்வீஸ்ல இப்படி ஒரு கோணலை நான் பார்த்ததே இல்ல. ரெண்டு அங்குலம், மூணு அங்குலம்னா பீரோ வச்சு மறைச்சுடலாம். இதுக்கு எங்கே போறது? வரிசையா பீரோவா அடுக்க முடியும்?"

டாக்டர் சுவரைப் பார்த்தார். அவருக்குச் சுவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பொருள் வரிசையில் நிற்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது முப்பது வருஷமாகத் தெரியும்.

"பிடுங்கிடலாம்" என்றார்.

கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டார். "டாக்டர், நான் மூணு, நாலு, அஞ்சு போட்டுத்தான் எழுப்பினேன். இப்பக்கூட அளந்து காட்டறேன்."

"மூணு, நாலு, அஞ்சா!" நேர்கோட்டாருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. "அது சின்னப் பசங்க விரல்விட்டு எண்ணுற கணக்கு மாப்பிள்ளை. இவ்வளவு பெரிய கூடத்துக்குப் பெரிய கணக்கு வேணும். நான் போட்டது என்ன தெரியுமா? அஞ்சு, அஞ்சு, ஏழு!"

ஆத்திரத்தில் ரகசியம் வெளியே வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. டாக்டருக்கு ஏழு என்பது ஐந்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. நாளை மறுநாள் காலையில் சுவரை இடிப்பது என்று முடிவாயிற்று. முடிவுக்கு டாக்டர் ஒரு வாலும் சேர்த்தார்: "இந்தச் சுவரை வேற ஆள் கட்டட்டும். நீங்க இனிமே இந்தப் பக்கம் வரவேண்டாம்." அதற்குள் கூடத்தில் கூடிவிட்ட பத்து வேலையாட்களும் அதைக் கேட்டார்கள். டாக்டர் இடித்த சுவரைக் கட்டியவன் என்றால் இனிக் கோழிக்கூண்டு கட்டக்கூட எவரும் கூப்பிட மாட்டார்கள் என்று கொத்தனாருக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனவர் சாப்பாட்டில் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தார். "என் டேப்பே சரியில்லையோ என்னமோ" என்றார். "உங்க அண்ணன் அஞ்சு, அஞ்சு, ஏழு போடுறாராம். பெரிய கணக்காம்."

தங்கை நிமிர்ந்தாள். அவள் டைல்ஸ் கடையில் பதினைந்து வருஷமாக வேலை பார்ப்பவள். வருகிறவர் அறையின் நீள அகலம் சொன்னால் எத்தனை டைல்ஸ் என்று காகிதம் இல்லாமல் சொல்வாள். ஐந்துக்கு ஐந்து இருபத்தைந்து, ஏழுக்கு ஏழு நாற்பத்தொன்பது என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்திலும் வரும்.

"எவ்வளவு? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் மதியம் அண்ணனைக் கடைக்கு வரச்சொன்னாள். அவர் வந்ததும் பின்பக்கக் கிடங்குக்குக் கூட்டிப்போனாள்.

"உன்னோட அஞ்சு, அஞ்சு, ஏழைப் பத்திக் கொஞ்சம் பேசணும் அண்ணே."

நேர்கோட்டார் கிடங்குக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "மெதுவா சொல்லு. ரகசியம்."

"பத்துப் பேர் நடுவுல கத்திட்டு வந்தியாமே, இன்னும் என்ன ரகசியம்? இந்தா, ரெண்டு டைல்ஸ். ஒவ்வொண்ணையும் மூலைக்கு மூலை குறுக்க வெட்டு."

வெட்டுவது என்றால் அவருக்குக் காரணம் தேவையில்லை. உடைந்து ஒதுக்கிய டைல்ஸா என்றுகூடக் கேட்காமல் வெட்டினார். நாலு முக்கோணம் கிடைத்தது.

"இதை வச்சு ஒரே சதுரம் பண்ணு."

நாலு முக்கோணத்தின் செங்கோண மூலைகளையும் நடுவில் சேர்த்து ஒரு நொடியில் பண்ணினார். எத்தனை கூடங்களில் இதே டிசைன் போட்டிருக்கிறார்!

"இந்தப் பெரிய சதுரத்தோட ஒரு பக்கம் எது?"

"இதென்ன கேள்வி? டைல்ஸோட குறுக்களவு."

"உள்ளே எத்தனை டைல்ஸ் இருக்கு?"

"ரெண்டு. இப்பத்தானே வெட்டினேன், கண்ணு தெரியலையா?"

"தெரியுது. அப்ப ரெண்டு சின்னச் சதுரம் சேர்ந்தா, குறுக்களவுல ஒரு பெரிய சதுரம். ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன், ஒத்துக்கறேன்."

"இப்ப சின்னச் சதுரம் ஒரு டைல்ஸ் இல்ல, அஞ்சடிக்கு அஞ்சடி. ஒரு அடி டைல்ஸ் இருபத்தஞ்சு. அது மாதிரி ரெண்டு. மொத்தம் எத்தனை?"

"அம்பது."

"உன் கணக்குல குறுக்களவு ஏழு. அதனால அம்பது டைல்ஸும் ஏழுக்கு ஏழு சதுரத்துல சரியா அடங்கணும். அதோ அஞ்சு பெட்டி, பெட்டிக்குப் பத்து. போடு."

நேர்கோட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போட ஆரம்பித்தார். முதல் வரிசை ஏழு. இரண்டாவது வரிசை ஏழு. அழகாக, ஒரு இம்மி விலகாமல். ஏழாவது வரிசையின் கடைசி டைல்ஸை வைத்துத் தட்டிவிட்டுக் கையை உதறினார். நிமிர்ந்து பார்த்தார்.

ஐந்தாவது பெட்டிக்குள் ஒரு டைல்ஸ் இருந்தது.

அவர் பெட்டியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். எங்கேயாவது ஓட்டை விட்டிருக்கிறோமா என்று முட்டிபோட்டுத் தேடினார். இல்லை. வரிசைகளை விரல்விட்டு எண்ணினார். ஏழு. திரும்பப் படுக்கைவாட்டில் எண்ணினார். ஏழு.

"கம்பெனிக்காரன் ஒரு பெட்டியில ஒண்ணு கூடப் போட்டிருப்பான்" என்றார்.

"அண்ணே."

"போடுவாங்க. எனக்குத் தெரியும். ஒடைஞ்சா மாத்திக்கட்டும்னு."

"என் கண்ணு முன்னால எண்ணித்தான் பிரிச்சே. இதோ, மூணு, நாலு, அஞ்சையும் பார்த்துடு." அவள் வேகமாகக் கையை வீசி, தரையிலிருந்து டைல்ஸ்களைத் தள்ளி எடுத்து ஒரு மூன்றுக்கு மூன்று கட்டமும் ஒரு நாலுக்கு நாலு கட்டமும் வைத்தாள். "ஒம்பது. பதினாறு. ரெண்டையும் கலைச்சு அஞ்சுக்கு அஞ்சா வை."

வைத்தார். ஒன்றும் மிஞ்சவில்லை. ஒன்றும் குறையவில்லை.

நேர்கோட்டார் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டி கோணலாகக் கிடந்தது. அதை அவர் சரிசெய்யவில்லை. தங்கைக்கே பயம் வந்துவிட்டது.

"தண்ணி வேணுமா?"

"ஒரே ஒரு டைல்ஸுக்கு ஏழு அங்குலமா?" குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"அஞ்சடி போகும்போது ஒரு அங்குலமும் கொஞ்சமும்தான் உன் கோடு சாயுது. முப்பதடி போற வரைக்கும் விட்டா?"

அவர் கண்முன்னால் வீடுகள் வரிசையாக வந்தன. அஞ்சல் அலுவலகக்காரர் வீடு. இரட்டைப்பிள்ளைக்காரி வீடு. தையற்காரர் வீட்டு மாடி. எல்லா வீட்டிலும் சுவர்கள் நேராக நின்றன. எல்லா வீட்டிலும் தரை ஒரு பக்கமாக நழுவிப்போய்க்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம்! "அப்ப ஊர்ல ஒரு சுவர்கூடக் கோணல் இல்லையா?" என்று கேட்டார். அதை ஒத்துக்கொள்வதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "ஒண்ணுகூடவா?"

தங்கையின் கைபேசி அடித்தது. கொத்தனார்தான். டாக்டருக்கு நாளைக் காலையில் ஏதோ ஆபரேஷன் வந்துவிட்டதாம். இன்றைக்கே இடித்துவிடச் சொல்லி ஆள் வந்தாயிற்றாம். "நான் தெருவுல நிக்கறேன். பார்க்க முடியல, போகவும் முடியல" என்றார்.

தங்கை வண்டிச் சாவியை எடுத்தாள். "ஏறு."

அவர் அவளுடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து அதுவரை போனதே இல்லை. அன்று மடியில் டைல்ஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தார். இரண்டாவது திருப்பத்திலேயே சம்மட்டிச் சத்தம் கேட்டது.

கூடத்தில் ஏணிமேல் ஒரு ஆள். சுவரின் மேல்வரிசையில் ஒரு முழம் பூச்சு உதிர்ந்திருந்தது. டாக்டர் மூக்கில் கைக்குட்டையோடு நின்றார்.

"நிறுத்துங்க!" என்றார் நேர்கோட்டார்.

சம்மட்டி நின்றது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். வாசலில் கொத்தனாரும் வந்து நின்றார்.

"என்னங்க?" என்றார் டாக்டர்.

"அது... இன்னைக்குக் காத்து ஈரமா இருக்கு சார். ஈரத்துல சுவர் கொஞ்சம் உப்பும். காஞ்சா தானா நேராயிடும்."

டாக்டருக்கு வாய் பிளந்தது. "ஏழு அங்குலமா?"

"சில சுவர் அப்படி."

"இடிப்பா" என்றார் டாக்டர். ஏணிமேல் இருந்தவர் சம்மட்டியைத் தூக்கினார்.

"அண்ணே" என்றாள் தங்கை. அவ்வளவுதான் சொன்னாள்.

நேர்கோட்டார் கண்ணை மூடிக்கொண்டார். "சுவர் நேரு சார். என் கோடுதான் கோணல். அஞ்சு, அஞ்சுக்கு ஏழு இல்ல. ஏழும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தை நான் விட்டுட்டேன்."

டாக்டர் கைக்குட்டையை மெல்ல இறக்கினார். ஒரு சந்தேகம் அவர் முகத்தில் வேர் விட்டு இறங்குவது தெரிந்தது.

"எங்க வீட்டுல? எங்க வீட்டு ஹால்ல?"

"அதுவும் சார்."

"ஒன்பது வருஷமா நான் கொத்தனாரை வீட்டு வாசல் ஏற விடல! இங்கேயும் வேற ஆள் கிடைக்காமத்தான் கூப்பிட்டேன்!"

"தெரியும் சார். நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

கொத்தனார் உள்ளே வந்தார். டேப்பை எடுத்தார். சின்னப் பசங்க கணக்கையே மூன்று மடங்காக்கி, ஒரு சுவரில் ஒன்பதடி, மறுசுவரில் பன்னிரண்டடி புள்ளி வைத்தார். டேப்பின் ஒரு முனையைத் தன் மனைவியிடம் கொடுத்துக் குறுக்கே பிடித்தார். பதினைந்து. ஒரு நூல் கூடவோ குறையவோ இல்லை. டாக்டர் குனிந்து பார்த்தார். ஏணிமேல் இருந்தவரும் இறங்கி வந்து பார்த்தார்.

எல்லாரும் கொத்தனார் இப்போது கத்துவார் என்று காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. அந்தப் பதினைந்தையே பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னார்:

"நான் கண்ணாடி மாத்தினேன் மச்சான். மூணு தடவை. கண் டாக்டர், பார்வை நல்லா இருக்கு, ஏன் திரும்பத் திரும்ப வர்றீங்கன்னு திட்டி அனுப்பினார். நாலு மூலைமட்டத்தை உடைச்சுப் போட்டேன். என் கைதான் கோணல்னு நானே நம்பிட்டேன்."

நேர்கோட்டாருக்குத் திட்டு வாங்கத் தெரியும். துடைப்பத்தைக்கூடச் சந்தித்திருக்கிறார். இதற்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மாப்பிள்ளை, நான் என்ன பண்ணணும்? சொல்லுங்க, பண்றேன்."

"எந்தெந்த வீட்டுல என் சுவரைச் சொன்னீங்களோ, அங்கெல்லாம் போய் மாத்திச் சொல்லுங்க" என்றார் கொத்தனார். "இன்னைக்கே தொடங்குங்க. நான் தெருவுல நின்னு கேக்கறேன்."

முதல் வீடு பக்கத்துத் தெருவில், அஞ்சல் அலுவலகக்காரருடையது. கொத்தனார் எதிர்ப்பக்கம் மின்கம்பத்தடியில் நின்றுகொண்டார். நேர்கோட்டார் வாசலில் நின்று, நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார்.

அஞ்சல் அலுவலகக்காரருக்கு அதிர்ச்சி. ஆனால் அது வேறு மாதிரியான அதிர்ச்சி. "அதெப்படிங்க? பன்னிரண்டு வருஷமா சுவர் கோணல்னு சொல்லிக்கிட்டிருக்கோம். வர்ற விருந்தாளிக்கெல்லாம் காட்டியிருக்கோம். என் மாமனார் வந்தா முதல்ல அதைத்தான் பார்ப்பார். இப்ப திடீர்னு நேருங்கறீங்களே!"

"தரைதாங்க கோணல். நான் போட்டது."

"தரை நல்லாத்தானே இருக்கு? சும்மா பெருந்தன்மைக்குச் சொல்றீங்க. உங்க தங்கச்சி வீட்டுக்காரர், அதனால விட்டுக் கொடுக்கறீங்க. எங்களுக்குத் தெரியாதா? கோணல் சுவர்தான்."

"இல்லீங்க."

"பார்த்தாலே தெரியுதே! என் கண்ணு என்ன பொய்யா சொல்லுது?"

"உங்க கண்ணைத் தூக்கி உடைப்புல போடுங்க!" நேர்கோட்டாருக்குக் குரல் கிளம்பிவிட்டது. "சுவர் நேரு! நான் சொல்றேன், ஊசி மாதிரி நேரு! டேப் இருந்தா எடுத்துட்டு வாங்க. பீரோவை நகர்த்துங்க. இப்பவே அளந்து காட்டறேன். அந்த ஆள் கட்டின சுவரை இன்னொரு தடவை கோணல்னு சொன்னீங்க, தெரியும் சேதி!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். எதிர்வீட்டு மாடியில் தலைகள் முளைத்தன. மின்கம்பத்தடியில் கொத்தனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்ததும், அடுத்த வீடு எதுவென்று கையைக் காட்டினார்.